சனிக்கிழமைச் சீட்டு

சாயங்காலம் ஐந்தரை ஆனால் நாச்சிமுத்து தன் பட்டறையில் தொங்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். இழைப்புளி நிற்கும், வெல்டிங் பொறி அணையும், வேலைக்காரர் ஆறு பேரும் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அப்போதே வரிசையாக இருந்தன. ஆனால் அந்த எண்பத்து நாலாம் வருஷத்தில், முதலாளியே இரும்பு பீரோவைத் திறந்து ஆளுக்கொரு குவாட்டர் பிராந்தி எடுத்துக் கொடுத்த பட்டறை அது ஒன்றுதான்.

ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. முதலில் சோறு தின்ன வேண்டும். பட்டறைக்குள்ளேயே குடித்து முடிக்க வேண்டும். வெளியே கொண்டு போகக் கூடாது. போகிறவன் தூக்குப்போசியைக்கூட வாங்கி மோந்து பார்த்துத்தான் அனுப்புவார். முடித்த பிறகு காலிப் பாட்டிலைக் கழுவி அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். இன்றைய காலிப் பாட்டில் வந்தால்தான் அடுத்த பாட்டில். பீரோச் சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே கிடக்கும். பெண்டாட்டி கேட்டாலும் தரமாட்டார்.

இது விளையாட்டுக்குச் செய்தது இல்லை. ஊரெல்லாம் கடை திறந்த புதிதில் மத்தியானச் சோற்றுக்குப் போன ஆட்கள் சாராயக் கடையிலிருந்து திரும்பி வரவே மாட்டார்கள். வந்தவர்களில் ராசு என்கிற தச்சன் ரம்பத்தில் இரண்டு விரலைக் கொடுத்தான். குடிக்காதே என்று நாச்சிமுத்து கத்திப் பார்த்தார், ஆளை நிறுத்திப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் பிராந்திக் கடையில் அந்தச் சின்னப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. பெரிய பாட்டிலை வாங்கினவன் அது காலியாகிற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டான். இதில் ஆரம்பிப்பதற்குள் தீர்ந்துவிடும். மனுஷனுக்கு அடங்கத் தெரியாவிட்டால் பாட்டில் அடங்கிவிட்டுப் போகட்டுமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அதுவே பேச்சு.

பக்கத்துப் பட்டறைக்காரர் சண்முகவேல் சும்மா விடுவாரா?

"ஏனுங்கண்ணா, பட்டற வெச்சிருக்கீங்களா, பால்வாடி வெச்சிருக்கீங்களா? வரிசையில நிக்க வெச்சு ஊத்தறீங்களாமா?"

"சிரி சாமி, நல்லாச் சிரி. உன்ற பட்டறைல இன்னைக்கு எத்தன பேரு வந்தானுங்க?"

"மூணு பேரு."

"என்ற பட்டறைல ஆறுக்கு ஆறு. ரெண்டு வருசமா ஒருத்தன் நகம்கூடப் பேரல. எங்கிட்டப் பேச வந்துட்டான்."

மூன்றே மாதத்தில் சண்முகவேலும் ஒரு பீரோ வாங்கினார்.

இந்த ஆறு பேரில் ஒருவர்தான் செங்கோட்டையன். நாச்சிமுத்துவின் ஒரே தங்கச்சி கண்ணாத்தாளின் வீட்டுக்காரர். ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாலு ஏக்கர் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தவர். முந்தின வருஷப் பஞ்சத்தில் கிணறு அடிப்பாறை தெரிய வற்றிப்போக, ஆள் பாட்டிலைத் தூக்கிவிட்டார். தினமும் ஒரு ஃபுல். அடி, உதை, பாத்திரம் அடகு. காலெல்லாம் வீங்கி, கண் மஞ்சளாகிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, இனி தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

கண்ணாத்தாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

நாச்சிமுத்து படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு அம்மிணி. ஒரேயடியா நிறுத்துன்னா மாப்ள சாராயக் கடைக்கு ஓடிப் போயிருவாரு. நீ ஊட்டக் காலி பண்ணிட்டு இங்க வா. என்ற பட்டறைல போல்ட்டு முடுக்கட்டும். குவாட்டர்ல கட்டிப்போட்டு வெக்கறேன். அதுக்கு மேல ஒரு சொட்டு அவரு வாயில படாது. நான் பொறுப்பு."

"தொடவே கூடாதுன்னு எழுதியிருக்காரேண்ணா."

"நான் இருக்கேன்ல?"

கண்ணாத்தாள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பட்டறைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடி வந்தாள்.

முதல் பத்து நாள் செங்கோட்டையனுக்குக் கை நடுங்கியது. நட்டைப் பிடித்தால் கீழே விழும். ஐந்து மணியிலிருந்தே பட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மெல்ல மெல்ல உடம்பு வழிக்கு வந்தது. காலில் வீக்கம் வடிந்தது. காலையில் பசிக்க ஆரம்பித்தது. ஆறாம் மாதம் கண்ணாத்தாள் தூக்குப்போசியில் கொள்ளுப்பருப்பு கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து அவரு புள்ளைய மடியில வெச்சுட்டுச் சோறு ஊட்டறாருண்ணா. அடிச்சுப் போடுவாருன்னு நான் ஓடி வாரேன், பாத்தா ஊட்டிட்டு இருக்காரு."

அன்று முழுக்க நாச்சிமுத்து யாரைப் பார்த்தாலும் குவாட்டரின் பெருமையைப் பேசினார்.

சனிக்கிழமைச் சமாச்சாரம் அவருக்குத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். கூலி கொடுத்து, பாட்டில் கொடுத்து, ஆறு காலிப் பாட்டிலும் மேஜைக்கு வந்துவிட்டது. கேட்டைப் பூட்டலாம் என்று போனால், பெயிண்டர் தீர்த்தகிரி ஒரு சேஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தான். குவாட்டருக்கு இப்படி ஆகாது. மற்ற ஐந்து பேரும் தெளிவாக நின்றார்கள். வாய் மணக்கவே இல்லை.

"சின்னண்ணா, இங்க வா. என்ன நடக்குது?"

சின்னண்ணன் தலைமைத் தச்சன், மேஸ்திரி. வயதிலும் எல்லோருக்கும் மூத்தவர். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்கப்படாதுங்க மொதலாளி. தெனமும் குவாட்டரு நல்லதுதானுங்க, இல்லேங்கல. ஆனா என்னைக்காச்சும் ஒருநா மனசு நெறையக் குடிச்சாத் தேவலைன்னு இருக்குமுங்களே? அதான் சனிக்கெழம மட்டும் சீட்டுப் போட்டுக்கறோமுங்க. ஆறு பேரு பேரையும் எழுதிப் பெயிண்டு டப்பாவுல போட்டு மத்தியானம் குலுக்கறது. ஆரு பேரு வருதோ அவனுக்கு ஆறு பாட்டிலும். மத்தவன் அன்னைக்குச் சும்மா போகோணும். எடுத்தவன் பேரு மறுக்கா வராது. ஆறு வாரத்துல எல்லாத்துக்கும் சுத்தி வந்துருமுங்க."

நாச்சிமுத்துவுக்கு முதலில் வந்தது கோபம். அடுத்தது சிரிப்பு. அவரும் இருபது வருஷமாகச் சீட்டுப் பிடிப்பவர்தான். இந்தப் பட்டறையின் முதல் வெல்டிங் மிஷினே சீட்டெடுத்து வாங்கியது. பிராந்திக்குச் சீட்டா! மேஜையைத் திரும்பிப் பார்த்தார். ஆறு போயிருக்கிறது, ஆறு வந்திருக்கிறது. கூலி வாங்குகிற நாளில் ஐந்து பேர் சுத்தமாக வீட்டுக்குப் போகிறார்கள். எந்தப் பட்டறையில் நடக்கும் இது?

"எத்தன வாரமா?"

"இது மூணாவதுங்க."

"மாப்ள பேரும் டப்பாவுல இருக்குதா?"

"இல்லாமங்களா?"

"எடுத்துரு. அவருக்கு ஆகாது."

சின்னண்ணன் பதில் சொல்வதற்குள் செங்கோட்டையன் முன்னால் வந்துவிட்டார். ஆறு மாதத்தில் முதல்முறையாக அவர் குரல் ஏறியது.

"ஏன் மச்சான், மூணு வாரமா என்ற பாட்டில எடுத்து இவனுங்களுக்குக் குடுத்திருக்கேன். என்ற பங்கு வர்றப்ப பேர எடுக்கச் சொல்றீங்களா?"

"உங்க ஒடம்புக்குத்தான் மாப்ள சொல்றேன்."

"ஒடம்பு என்ற ஒடம்பு. மொதலாளி மச்சான்னா சீட்டுல நாமம் போடலாமுங்களா? நீங்க புடிக்கற சீட்டுல ஒருத்தனுக்கு இப்பிடிச் செய்வீங்களா?"

ராசு தன் மூன்று விரல் கையால் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான். கட்டினவனுக்குச் சீட்டு இல்லை என்பது அந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். அது நாச்சிமுத்துவுக்கும் தெரியும், நிற்கிற ஐந்து பேருக்கும் தெரியும். சீட்டையே கலைத்துவிட்டிருக்கலாம், ஆனால் எடுத்தவர் மூன்று பேர், எடுக்காதவர் மூன்று பேர் இருக்கும்போது பாதியில் கலைப்பது எப்படி? வேலை கேட்டு வந்த மாப்பிள்ளையை ஆட்கள் முன்னால் தலைகுனிய வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை.

"சரி, எடுங்க. ஆனா மூணுதான். உங்க பேரு வர்ற அன்னைக்கு நான் பக்கத்துலயே இருப்பேன்."

"இருங்க. வேண்டாம்னு ஆரு சொன்னா?" செங்கோட்டையன் சிரித்துவிட்டார். "நீங்களே ஊத்திக் குடுங்க."

நாலாவது வாரம் வெல்டர் பச்சமுத்துவின் பேர் வந்தது. ஐந்தாவது சனிக்கிழமை மத்தியானம் டப்பாவிலிருந்து வந்தது செங்கோட்டையன்.

அன்று பார்த்து, கட்டி முடித்த லாரியைப் பாசிங் சோதனைக்குத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி பிரேக் இன்ஸ்பெக்டரிடமிருந்து ஆள் வந்தது. இன்றைக்கு விட்டால் அவர் பத்து நாள் லீவு. வண்டிக்காரர் வேறு காலையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். நாச்சிமுத்து இரண்டு முறை கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கடைசியில் பீரோவைத் திறந்து ஆறு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பீரோவைப் பூட்டி, சாவியை வழக்கம்போல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சின்னண்ணா, மாப்ளைக்கு மூணோட நிறுத்தீரு."

"ஆகட்டுங்க."

"சோறு தின்ன பொறவுதான்."

"நீங்க போய்ட்டு வாங்க மொதலாளி. நான் பாத்துக்கறேன்."

வண்டி கிளம்பிவிட்டது. மிச்சம் மூன்றை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. சின்னண்ணனும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. பாசிங் நல்லபடியாக முடிந்திருந்தது. பட்டறையில் யாரையும் காணோம். ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்ததும் கண் முதலில் மேஜைக்குத்தான் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. கழுவி வரிசையாக வைத்திருந்தது. எண்ணி முடித்ததும் பழக்கத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் மூன்று என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

"சின்னண்ணா!"

மேஸ்திரி பின்பக்கமிருந்து வந்தார். "தூங்கறாருங்க. நான் காவலுக்குத்தான் இருக்கேன்."

"எங்க?"

கேபின் கட்டிக்கொண்டிருந்த ஒரு லாரியின் சீட்டுப் பலகையில் செங்கோட்டையன் மல்லாந்து கிடந்தார். வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, நின்றது, ரொம்ப நேரம் கழித்து மறுபடி கேட்டது. நாச்சிமுத்து கன்னத்தில் அறைந்தார். கன்னம் சில்லென்று இருந்தது.

"மாப்ள! மாப்ள! ஏனுங்க மாப்ள!"

சண்முகவேலின் கார் வந்தது. பின்சீட்டில் மாப்பிள்ளையின் தலையைத் தொடையில் தாங்கிக்கொண்டு நாச்சிமுத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே அந்தச் சத்தம் ரொம்ப மெலிந்துவிட்டது. டாக்டர் இளவயசு, பரபரப்பாக இருந்தார்.

"எவ்வளவு குடிச்சார்?"

"குவாட்டருங்க," என்றார் நாச்சிமுத்து. வாயில் அதுதான் வந்தது.

"ஒரு குவாட்டருக்கு இப்படி ஆகாது. சரியாச் சொல்லுங்க."

"ஆறுங்க. ஆறு குவாட்டரு."

"தினமும் இப்படித்தான் குடிப்பாரா?"

"இல்லீங்க. தெனமும் ஒண்ணுதான். ஆறு மாசமா ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுக்கு முந்திதான் ஃபுல்லு குடிப்பாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பழைய உடம்பு இல்லையே இப்போ. ஆறு மாசமாக் கொஞ்சமாக் குடிச்ச உடம்பு. ஈரலும் கெட்டுக் கிடக்குது. ஒரே நேரத்தில் இவ்வளவை எப்படித் தாங்கும்?" சொல்லிக்கொண்டே உள்ளே போனவர் அரைமணி நேரத்தில் வெளியே வந்தார். வாந்தி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று என்னவோ சொன்னார். ஆள் போய்விட்டார் என்பது மட்டும் நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது.

வராந்தாவில் சின்னண்ணன் சுவரோடு ஒண்டி நின்றுகொண்டிருந்தார்.

"மூணோட நிறுத்துன்னு சொன்னேனே."

"நிறுத்துனேனுங்க. சாமி சத்தியமா நிறுத்துனேன். அவரும் போதும்னுதான் சொன்னாரு."

"பின்ன?"

"மிச்சம் மூணு பாட்டிலு மேஜ மேல நிக்குதுங்க. பீரோ பூட்டியிருக்குது. வெளிய கொண்டு போகப்படாது. கீழ ஊத்தவும் மனசு வரல, அவனவன் பங்கு. அது காலியாகலைன்னா திங்கக்கெழம மூணு பேருக்குப் பாட்டிலு கெடையாது. பச்சமுத்து அது என்ற பாட்டிலுங்கறான், ராசு இல்ல என்ற பாட்டிலுன்னு சலம்பறான். அவனுங்களையே குடிச்சுட்டுப் போங்கடான்னேன். மாப்ளைதான் ஒத்துக்கல. என்ற சீட்டு, என்ற பாட்டிலு, மச்சானுக்குக் காலிப் பாட்டிலுதான வேணும், இந்தா வெச்சுக்கங்கன்னு..." சின்னண்ணன் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். "நின்னுட்டே குடிச்சாருங்க. மூணையும். குடிச்சுட்டு அவரே கழுவி வெச்சாரு."

நாச்சிமுத்துவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. இடுப்பில் பீரோச் சாவி குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் செங்கோட்டையனின் சொந்த ஊட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பொணம் எடுப்பதற்கு முன்னால் பொறந்த ஊட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். தாலியறுத்த தங்கச்சிக்கு அண்ணன் கொண்டுவந்து போடுகிற கடைசிச் சேலை அது. நாச்சிமுத்து தாம்பாளத்தில் சேலையை வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றபோது, பெரியப்பா மகன் சென்னியப்பன் வந்து காதோடு சொன்னார்.

"தங்கச்சி கேட்டா நெஞ்சு வலின்னு சொல்லிப் போடு. குவாட்டருதான் குடிச்சாரு, திடீருன்னு மாரடைச்சுதுன்னு சொல்லு. டாக்டரும் இங்க வரப்போறதில்ல. ஆளுங்க கிட்டயும் பேசியாச்சு."

நாச்சிமுத்து தலையாட்டினார்.

கொட்டுச் சத்தத்தோடு உள்ளே போனார்கள். பொம்பளைகள் வழிவிட்டார்கள். கண்ணாத்தாள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மடியில் பெண் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அண்ணன் தாம்பாளத்தோடு குனிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனண்ணா?"

அவருக்குப் புரியாமல் இல்லை.

"எத்தன குடிச்சாரு? ஆளுக்கு ஆளு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு."

சென்னியப்பன் பின்னாலிருந்து முதுகில் விரலால் அழுத்தினார். குவாட்டர் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ரெண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வார்த்தை. கீழே கிடந்த முகத்தைப் பார்த்தார். ஆறு மாதத்தில் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது.

"ஆறு," என்றார்.

"ஆரு குடுத்தா?"

"நாந்தான் அம்மிணி எடுத்து வெச்சுட்டுப் போனேன். மூணுதான் குடிக்கோணும்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

கொட்டு நின்றுவிட்டது. கண்ணாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணா? ஒரு சொட்டு மேல படாதுன்னியே."

அவர் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"முந்தி அவரு குடிச்சப்ப நான் தேடிப் போவேண்ணா. சாக்கடையில கெடந்தாலும் இழுத்துட்டு வருவேன். நேத்து நான் தேடல. சோறாக்கி வெச்சுட்டு, அண்ணன் பட்டறைலதான இருக்காருன்னு சும்மா உக்காந்திருந்தேன்." குழந்தையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "அந்தச் சேலைய எடுத்துட்டுப் போ."

"அடி அம்மிணி!" என்று அத்தை முறைக்காரி ஒருத்தி பதறினாள். "பொறந்த ஊட்டுக் கோடி போடாம எப்பிடிடி எடுக்கறது?"

"அப்ப எடுக்க வேண்டாம். கெடக்கட்டும்."

கெஞ்சினார்கள், திட்டினார்கள். பெரியவர்கள் வந்து முறையைச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. வெயில் ஏற ஏற ஈ மொய்க்க ஆரம்பித்தது. கடைசியில், அவளுக்கு அண்ணன் முறையான சென்னியப்பன் யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு ஆட்டையாம்பட்டித் தறிக்கார வீட்டுக்குப் போனார். அவர் சேலை வாங்கி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் பொணத்தின் கால்மாட்டில் நாச்சிமுத்து தாம்பாளத்தோடு நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சென்னியப்பன் கொண்டுவந்த சேலைக்குக் கண்ணாத்தாள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாடையைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு தோள் காலியாகத்தான் இருந்தது. மச்சான்காரன் தோள் அது. நாச்சிமுத்து ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் பங்காளி ஒருவர் வந்து தோளைக் கொடுத்துவிட்டார்.

கொட்டு தெரு தாண்டிப் போய்விட்டது. பொம்பளைகள் வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க," என்றாள் ஒருத்தி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் நகர்ந்து நின்றார்.